எந்த உச்சியிலும் உட்காராத கல்

“பேர் ஏத்துற நாள் நாளைக்குத்தானே, தலைவரே?”

காவல் சாவடித் தூணில் கட்டிப் போட்டிருந்த கல்தச்சன் அமெக், காலையிலிருந்து வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

ஆற்றின் மேற்குக்கரைக் காவல் தலைவர் நெஹ்சிக்கு எரிச்சலாக வந்தது. நாளை வெயில் ஏறியதும் ஊர் மன்றம் கூடும். கல்லறைத் திருட்டு என்று முடிவானால் அமெக்கின் மூக்கையும் இரண்டு காதுகளையும் அறுத்து, தெற்கே குஷ் நாட்டுச் சுரங்கத்துக்கு ஓட்டிவிடுவார்கள். மூக்கு போகப் போகிற மனிதன் நாள் விசாரித்துக்கொண்டிருக்கிறான்!

“நாளைக்குத்தான். அதைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? கல்லைப் பத்திச் சொல்லு. அது நீ செஞ்சதா?”

அமெக் தரையைப் பார்த்தான்.

“திருடினதா?”

தரையையே பார்த்தான்.

“விட்டுருங்க தலைவரே. அந்தக் கல்லாவது தட்டினா சத்தம் போடும்” என்றான் இப்பி.

இப்பி அந்த ஊரின் வாயில்காப்போன். அரசர்களுக்குக் கல்லறை வெட்டும் வேலைக்காரர்கள் அறுபது குடும்பம், அவர்களைச் சுற்றி ஒரு மதில், மதிலுக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் பதினைந்து வருடமாகத் தொப்பையோடு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் ஊருக்குள் ஒரு வெங்காயம்கூட நுழைய முடியாது. துப்பு வேலை என்று வந்தால் நெஹ்சி அவனைத்தான் கூட்டிக்கொள்வார். வாய் கொஞ்சம் நீளம். அதைச் சகித்துக்கொண்டால் ஆள் உபயோகமானவன்.

சாவடி நடுவில் அந்தக் கல் இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அடியில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரம். நாலு பக்கமும் சாய்ந்து மேலே ஒரே கூராக முடிந்தது. ஊருக்கு மேற்கே குன்றுச் சரிவில் வேலைக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் செங்கல்லில் ஒரு குட்டிப் பிரமிடு, அதன் உச்சியில் இப்படி ஒரு கல். அதில் சொந்தக்காரர் சூரியனைக் கும்பிடுகிற உருவமும் பெயரும் செதுக்கியிருக்கும். இந்தக் கல்லில் நாலு பக்கமும் மொட்டையாக இருந்தன.

அமெக்கின் கழுதைக் கொட்டிலில், வைக்கோலுக்கு அடியில் இதைக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தவர் எழுத்தர் பெந்து. போன வெள்ளத்தின்போது செத்துப்போன மேஸ்திரி அன்ஹோரின் பிரமிடிலிருந்து உச்சிக்கல் காணாமல் போயிருந்தது. இதுதான் அது, அமெக் பெயரையும் படத்தையும் தேய்த்து எடுத்துவிட்டான் என்பது எழுத்தரின் வாக்குமூலம். யாருக்கு எத்தனை படி தானியம் என்று எழுதுகிறவர் அவர். வேலைக்கு வராதவன் பெயரை எழுதுகிறவர் அவர். பேர் ஏற்றுகிற நாளில் புது வேலைக்காரன் பெயரைப் பட்டியலில் எழுதுகிறவரும் அவர். அப்படிப்பட்டவர் சொன்னால் மன்றம் மறுபேச்சுப் பேசாது.

நெஹ்சிக்கு அதுதான் உறுத்தியது. மூன்று வருடம் முன்னால் இதே எழுத்தரின் வார்த்தையை நம்பி ஒரு தச்சனுக்கு மூக்கை அறுத்தார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நெஹ்சி. திருடு போன உளி அடுத்த மாதம் எழுத்தர் வீட்டு மாடியிலேயே கிடைத்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தச்சன் எங்கே இருக்கிறான் என்றும் யாருக்கும் தெரியாது.

“இப்பி, அந்த முழக்கோலை எடு.”

“எதுக்கு?”

“ஆள் பேசலைன்னா கல்லைப் பேச வைப்போம். ஒவ்வொருத்தன் பிரமிடும் ஒவ்வொரு சாய்வு. கீழே செங்கல் எந்தச் சாய்வுல ஏறுதோ, உச்சிக்கல்லும் அதே சாய்வுல ஏறணும். இல்லேன்னா இரவல் பொய்முடி வச்சவன் மாதிரி தனியாத் தெரியும். அன்ஹோர் பிரமிடுல இந்தக் கல்லு உட்காருதான்னு பார்த்துடுவோம்.”

முழக்கோலில் இருபத்தெட்டு விரல். கல்லின் அடிப்பக்கம் சரியாக இருபத்தெட்டு. பிறகு ஒரு பக்கத்தின் அடியில் நட்டநடுவே நூலை வைத்து, முகத்தோடு ஒட்டி உச்சி வரை இழுத்தார். கொத்தனார்கள் சாயுயரம் என்று சொல்வது இந்த நீளத்தைத்தான். இருபத்தேழு விரல், மேலே ஒரு மயிரிழை.

“அடி இருபத்தெட்டு, சாயுயரம் இருபத்தேழு. மனசுல வச்சுக்கோ.”

“என் மனசுல ஏற்கெனவே இடமில்ல தலைவரே. பொண்டாட்டி சொன்ன சாமான் கணக்கே வழிஞ்சுக்கிட்டு இருக்கு.”

அமெக் தலையைத் தூக்கிப் பார்த்தான். “தலைவரே, வேணாம். விட்டுருங்க” என்றான். பயந்து போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நெஹ்சி கிளம்பிவிட்டார்.

குன்றில் வெயில் சுளீரென்று அடித்தது. ஆண்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம், அரசருக்குக் கல்லறை வெட்டும் குழியில் வேலையில் இருந்தார்கள். பத்து நாளில் எட்டு நாள் அங்கேதான் தூக்கம், சாப்பாடு எல்லாம். நாளைதான் திரும்புவார்கள்.

அன்ஹோரின் பிரமிடு உச்சி இல்லாமல் மொட்டையாக நின்றது. எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் இரண்டு நீளக் கழிகளைச் சாய்த்து, அவை மேலே சந்திக்கிற இடத்தை உச்சியாக வைத்துக்கொண்டார் நெஹ்சி. ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நின்ற இப்பியின் தொப்பை செங்கல்லில் உராய்ந்தது.

“பூச்சு உதிருது தலைவரே. செத்தவர் எந்திரிச்சு வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

அடியின் நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, அதை ஏழாக மடித்து முடிச்சுப் போட்டார்கள். இருபத்தெட்டுப் பங்கு. கல்லின் ஒரு விரலுக்கு இங்கே ஒரு பங்கு. அந்தக் கயிற்றால் சாய்வை அளந்தால் முப்பத்தைந்தரைப் பங்கு வந்தது.

“முப்பத்தஞ்சரை எங்கே, இருபத்தேழு எங்கே!” நெஹ்சிக்கு முகம் மலர்ந்தது. “இது செங்குத்தா ஏறுது. அந்தக் கல்லு அகலமா உட்காருது. சத்தியமா இந்தக் கல்லறையோடது இல்ல.”

“அப்ப அன்ஹோரோட நிஜக் கல்லு?”

“யார் வீட்டுலயோ அதுமேல மாவரைச்சுக்கிட்டு இருப்பாங்க. நமக்கு அது வேணாம். இது யாரோடதுன்னு தெரியணும்.”

ஒவ்வொன்றாக அளந்தார்கள். சிற்பி வீட்டுப் பிரமிடு முப்பத்தொன்று. சித்திரக்காரர் குடும்பத்துடையது முப்பத்து மூன்று. காவல் வீரர் ஒருவருடையது முப்பத்தாறு. நிமிர்ந்து நிற்பதுதான் அழகு என்பது இந்த ஊரின் எண்ணம். முப்பதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் இப்பி கயிற்றை ஏழாக மடித்தான். ஏழாக மடிக்கிற வித்தையைக் கண்டுபிடித்தவனின் குடும்பத்தை ஏழு தலைமுறைக்கும் திட்டினான். பானையில் கொண்டுவந்த பீரும் தீர்ந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். குன்றின் கடைசியில், நல்ல காற்றோட்டமான இடத்தில் எழுத்தர் பெந்து தனக்குக் கட்டிக்கொண்டிருக்கும் கல்லறை. அதன் பிரமிடு தோள் உயரம்தான் வந்திருந்தது. நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதன் நுனியிலிருந்து நாலு மூலைக்கும் நாலு கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறுகளை ஒட்டித்தான் கொத்தனார்கள் செங்கல் அடுக்குவார்கள்.

“இது என்ன, சப்பையா இருக்கு?” என்றார் நெஹ்சி.

“பழைய பெரிய அரசர்கள் கட்டின சாய்வாம். ஐயாவோட அளவு அவ்வளவு பெரிசு. வடக்கே போய்ப் பார்த்துட்டு வந்தாராம். எங்க வாசல்ல நின்னு அரை நாள் சொன்னார். தூக்கத்துலயும் தலையாட்டினேன்.”

அடி ஆறு முழம். கம்பத்தின் நுனியிலிருந்து ஒரு பக்கத்தின் நடுவுக்கு நெஹ்சி தன் கயிற்றை இழுத்துப் பிடித்தார். சரியாக ஐந்து முழம். இருபத்து மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல். இதுவும் பொருந்தவில்லை. மற்றவர்களுடையது எல்லாம் அதிகம், எழுத்தருடையது குறைச்சல். நடுவில் இருபத்தேழுக்கு ஆளே இல்லை.

நெஹ்சி நிழலில் போய் உட்கார்ந்தார். அந்தக் கல் இந்தக் குன்றில் யாருடையதும் இல்லை. எழுத்தர் நாளை சிரித்துக்கொண்டே, கணக்கெல்லாம் அப்படித்தான், காவல்காரருக்கு அது புரியாது என்பார். மூக்கு போய்விடும். மூன்று வருடத்துக்கு முந்தைய தச்சனின் கை இன்னும் தன் கைக்குள் துடிப்பது போல அவருக்கு இருந்தது.

“தலைவரே, இருபத்தேழு!” என்று இப்பி கத்தினான்.

“என்னது?”

“நீங்க உட்கார்ந்துட்டீங்களே, சும்மா இருப்பானேன்னு நானே அளந்தேன். நூத்தி அறுபத்து மூணு விரல். ஒரு பங்குக்கு ஆறு விரல். இருபத்தேழு, மேலே ஒரு மயிரிழை.”

நெஹ்சி எழுந்து ஓடினார். இப்பி கம்பத்திலிருந்து மூலைக்குப் போகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மடையா, அது மூலைடா! சாயுயரம்னா பக்கத்துக்கு நடுவுல ஏறணும். மூலை எப்பவும் நடுவைவிடத் தூரம். உன் வீட்டுக் கூடத்துல நடுவுல நின்னு பாரு, சுவரு கிட்ட, மூலை எட்ட.”

“நடுவுலதான் கயிறே இல்லையே. இருக்கிற கயித்தை விட்டுட்டு இல்லாத கயித்தை எவனாவது அளப்பானா?”

நெஹ்சி அவனையே பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். கல்தச்சன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். கையால் வேலை செய்கிறவன் நடுவில் ஒரு கயிற்றைத் தானே இழுத்துப் பிடிப்பான். கட்டியிருக்கிற கயிற்றை அளந்து எழுதிக்கொண்டு போகிறவன், வாழ்நாளில் ஒரு செங்கல்லைத் தூக்காதவனாக இருக்க வேண்டும்.

“டேய் இப்பி, உன் சோம்பேறித்தனத்துக்குச் சிலை வைக்கலாம்டா.”

“தொப்பையைக் கொஞ்சம் குறைச்சுச் செதுக்கச் சொல்லுங்க.”

விஷயம் நெஹ்சிக்கு விளங்கிவிட்டது. எழுத்தர் தன் பிரமிடுக்கு அமெக்கிடம் கல் செய்யச் சொல்லியிருக்கிறார். மூலைக் கயிற்றை அளந்து, அதையே சாயுயரம் என்று கொடுத்திருக்கிறார். கல் வந்தது. கம்பத்துக் கயிறுகளோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் உட்காரவில்லை. அளவில் தப்பு என்று அமெக் சொல்லியிருப்பான். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மீதி தப்பினால் முதுகில் பிரம்பை முறிக்கிறவர் பெந்து. அவருக்கா தப்பும்? ஆனால் அமெக் மற்றக் கொத்தனார்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால்? அந்தக் கல் அமெக்கின் கொட்டிலில் கிடக்கும்வரை யாராவது யாருடையது என்று கேட்பார்கள். திருட்டுக் கல் என்று ஆகிவிட்டால் அதன் அளவை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு மனிதனின் மூக்கைவிட எழுத்தருக்குத் தன் கணக்குப் பெரிதாகப் போய்விட்டது.

மறுநாள் காலை, மன்றத்தைக் குன்றுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மேஸ்திரிகள், தலைமைத் தச்சர், கிழட்டுச் சித்திரக்காரர், நடுவில் நாற்காலி போட்டு எழுத்தர். குழியிலிருந்து திரும்பிய கொத்தனார்கள் சுற்றி நின்றார்கள். அமெக் கை கட்டப்பட்டு நின்றான். கல் பக்கத்தில் இருந்தது.

நெஹ்சி அன்ஹோரின் பிரமிடை அவர்கள் கண்முன்னாலேயே அளந்து காட்டினார். கல் இதில் உட்காராது என்றார். கல்லின் அளவை மட்டும் சொல்லவில்லை.

“பொருந்தலைன்னே வச்சுக்குவோம்” என்றார் பெந்து. “வேற யாரோடதையோ திருடியிருப்பான். குன்று பூரா அளந்துக்கிட்டே இருக்கப் போறியா? வெயில் ஏறுது.”

“ஆச்சு ஐயா. எல்லாம் அளந்தாச்சு. ஐயாவோடது ஒண்ணுதான் பாக்கி. பழைய அரசர் சாய்வு, அதை இந்தக் கை தொட்டுக் கெடுத்துடக் கூடாதே. ஐயாவே சாயுயரம் எவ்வளவுன்னு அளந்து சொல்லிட்டா, மன்றத்துல எழுதிட்டு முடிச்சுடலாம்.”

பெந்து எழுந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் அவருக்கு எப்போதுமே கால் தரையில் பாவாது. வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நேராக மூலைக்குப் போனார். கட்டியிருந்த கயிற்றில் முழக்கோலை வைத்து வைத்து அளந்தார்.

“நூத்தி அறுபத்து மூணு விரல்” என்று உரக்கச் சொன்னார்.

கொத்தனார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் அடக்க முடியாமல், “ஐயா, அது மூலைங்க” என்றான். இன்னொருவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பரவியது. கிழட்டுச் சித்திரக்காரருக்கு இருமலே வந்துவிட்டது.

நெஹ்சி சிரிக்கவில்லை. “ஆறு முழ அடிக்கு நூத்தி அறுபத்து மூணுன்னா, ஒரு முழ அடிக்கு இருபத்தேழும் மயிரிழையும்.” கல்லின் மேல் நூலைப் பிடித்துக் காட்டினார். “பாருங்க. இந்தக் குன்றுல எந்த உச்சியிலயும் இது உட்காராது. ஐயா தலைக்குள்ள இருக்கிற பிரமிடுல மட்டும்தான் உட்காரும். இதுல பேர் அழிக்கப்படலை. பேர் இன்னும் எழுதவே இல்லை. கல்லைச் செய்யச் சொன்னவர் இவர்.”

பெந்துவின் முகம் கறுத்தது. அவர் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மூலையையும் ஒரு தடவை சுவரின் நடுவையும் பார்த்தார். தப்பு எங்கே என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மேஸ்திரிகள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். கல் அன்ஹோருடையது இல்லை, அமெக் மேல் குற்றமில்லை. எழுத்தரோ அரசர் உயிர் மேல் ஆணையிட்டு, “நினைவுப் பிசகு” என்றார். பொய்ப் புகாருக்கு நூறு அடி என்பது சட்டம். மேஸ்திரிகள் மண்ணைப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் தானியம் அளக்கும்போது எழுதுகிற கை யாருடையது என்பது அவர்களுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

இப்பி அமெக்கின் கட்டை அவிழ்த்தான். “மூக்கைத் தொட்டுப் பாரு, இருக்கா?” அமெக் தொடவில்லை. அவன் கண் எழுத்தர் மேலேயே இருந்தது.

பெந்து நாற்காலியில் உட்கார்ந்து மைக்கட்டையை எடுத்தார். மடியில் பட்டியல் சுருளை விரித்தார். “பேர் ஏத்துற நாள்” என்றார், ஒன்றுமே நடக்காத குரலில். “குழியில ஒரு இடம் காலி.”

அவர் கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். சுருளில் ஓர் இடத்தில் நிதானமாகத் தேய்த்தார். மை கரைந்து வந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொள்ளாமல், அமெக் பார்க்கும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நாணலை மையில் தொட்டு அதே இடத்தில் எழுதினார். தன் தங்கை மகனின் பெயரைப் படித்தார். சுருளை மூடினார்.

நேற்று சாவடியில் அமெக் கேட்ட அந்த முதல் கேள்வி நெஹ்சிக்கு அப்போதுதான் திரும்பக் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகும் அமெக் அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றான்.

“அழிச்சது உன் மகன் பேரா?” என்று கேட்டார் நெஹ்சி.

“கென்னா. ரெண்டு வருஷமா கூலி இல்லாம மண்ணு சுமந்தான். மருமகளுக்கு இது எட்டாம் மாசம். பட்டியல்ல பேர் இருந்தாத்தான் மதிலுக்குள்ள வீடு.” அமெக்கின் குரலில் கோபம்கூட இல்லை. “அளவைச் சொன்னப்பவே இது மூலை அளவுன்னு எனக்குத் தெரியும். சொன்னேன். கல்லு வெட்டற கை கணக்குப் பேசக் கூடாதுன்னார். அவர் கேட்டபடியே வெட்டினேன். உட்காரலைன்னதும் மறுபடி சொன்னேன், அது என் தப்புதான். அப்புறம் ராசியா ஒரு பேச்சு வந்தது. திருட்டுப் பழியை வாங்கிக்கிட்டு நான் வாயைத் திறக்கலைன்னா பையன் பேர் ஏறும்.”

“அவன் பேச்சை நம்பினியா?”

“முந்தாநாளே எழுதிக் காட்டிட்டார் தலைவரே. எனக்குப் படிக்கத் தெரியாது. என் மகன் பேர் எப்படி இருக்கும்னு மட்டும் தெரியும்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே” என்றார் நெஹ்சி.

“நீங்க கல்லைத்தானே பேச வைக்கப் போனீங்க. நான் ஏன் பேசலைன்னு நீங்க நின்னு யோசிக்கலை.” அமெக் குனிந்து கல்லின் கூரில் இருந்த தூசியைத் துடைத்தான். பழக்கத்தால் துடைத்தான். “மூக்கு என்னோடதுங்க. நான் கொடுக்கறதா இருந்தேன்.”

கீழே ஊர் வாசலில் ஓர் இளைஞன் நின்றுகொண்டு குன்றைப் பார்த்துக் கையை ஆட்டினான். அப்பாவுக்கு மூக்கு இருக்கிறது என்ற சேதி மட்டும் அவனை எட்டியிருக்க வேண்டும். கூடவே பெரிய வயிற்றோடு அவன் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவிழ்த்த கயிற்றை இப்பி சுருட்டிக்கொண்டிருந்தான்.

“நான் வந்து அவன்கிட்டச் சொல்லட்டுமா?” என்றார் நெஹ்சி.

“வேணாம் தலைவரே” என்றான் அமெக். “நீங்க கண்டுபிடிச்ச வரைக்கும் போதும்.” கல்லை அங்கேயே விட்டுவிட்டு அவன் இறங்கிப் போனான்.